முதியோர் இல்லங்களில் கொடுமையும் புறக்கணிப்பும்: அறிகுறிகளை அறிதல், செய்ய வேண்டியவை

முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சேர்த்த நாளோடு குடும்பத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. உணவு, மருந்து, குளியல், கழிப்பறைக்குச் செல்லுதல் ஆகிய அனைத்துக்கும் பிறரையே நம்பியிருக்கும் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அதை அவர் வெளியே சொல்வதற்கான வழிகள் மிகக் குறைவு. அவரைப் பார்க்கச் செல்லும் மகன், மகள், உறவினர், பழைய அண்டை வீட்டார் ஆகியோரே அத்தீங்கை முதலில் காணக்கூடியவர்கள். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், சின்னசேலம் பகுதிகளிலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் இளைய தலைமுறையினர் பலர் வேலைக்காகச் சென்னை, திருப்பூர், பெங்களூரு, கேரளம் எனப் பிரிந்து வாழ்கின்றனர். ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையர் படுக்கையில் விழுந்தால், அவர்களை வெளியூர் இல்லம் ஒன்றில் சேர்க்க வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு ஏற்படுகிறது. அப்படிச் சேர்த்ததற்காக எவரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. நன்முறையில் நடக்கும் இல்லங்கள் பல உள்ளன. ஆனால் எந்த இல்லமாயினும், அங்கு இருப்பவரை ஒருவர் தொடர்ந்து சென்று பார்த்துவர வேண்டும்.

கொடுமை, புறக்கணிப்பு என்பவை யாவை?

நம்பிக்கைக்குரிய உறவில் உள்ள ஒருவர், தம் செயலாலோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதாலோ முதியவருக்குத் தீங்கோ துன்பமோ விளைவிப்பது முதியோர் கொடுமை ஆகும். அதன் வகைகள்:

- உடல் கொடுமை: அடித்தல், தள்ளுதல், கட்டிவைத்தல், வலுக்கட்டாயமாக உணவூட்டுதல், தேவையின்றித் தூக்க மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்தல்.
- மனக் கொடுமை: திட்டுதல், மிரட்டுதல், ஏளனம் செய்தல், பேசாமல் ஒதுக்குதல், "வீட்டுக்கே அனுப்பிவிடுவோம்" என அச்சுறுத்துதல்.
- பாலியல் கொடுமை: விருப்பமின்றித் தொடுதல் முதலான அனைத்தும். மறதி நோய் உள்ளவரால் சம்மதம் தர இயலாமல் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்க.
- பொருள் சார்ந்த கொடுமை: உதவித்தொகை, நகை, வங்கி அட்டை, நிலப் பத்திரம் ஆகியவற்றைப் பறித்தல் அல்லது ஏமாற்றிப் பெறுதல்.
- புறக்கணிப்பு: உணவு, நீர், மருந்து, தூய்மை, வெப்பத்திலிருந்தும் குளிரிலிருந்தும் பாதுகாப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றை உரிய நேரத்தில் தராமல் விடுதல்.

இவற்றுள் எளிதில் கண்ணுக்குத் தப்புவது புறக்கணிப்பே. அடிக்குத் தழும்பு இருக்கும். தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துச் சென்றதற்குத் தழும்பு இராது. ஆயினும் படுத்த படுக்கையாக உள்ள ஒருவரின் உயிரை அதுவே வாங்கிவிடக்கூடும்.

60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒருவகைக் கொடுமையை எதிர்கொள்கிறார் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பராமரிப்பு நிறுவனங்களில் பணியாற்றுவோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், மூவரில் இருவர் கடந்த ஓராண்டில் தாமே ஏதேனும் ஒரு வகையில் அவ்வாறு நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டுள்ளனர். இதனைக் கொண்டு அவர்கள் அனைவரும் கொடியவர்கள் எனக் கருதலாகாது. இரவில் ஒரே பணியாளர் பலரைக் கவனிக்க வேண்டிய நிலை, பயிற்சியின்மை, குறைந்த ஊதியம், ஓய்வின்மை ஆகியவை நல்லவரையும் பொறுமை இழக்கச் செய்கின்றன. காரணம் எதுவாயினும், துன்பம் முதியவருக்கே.

உடலில் காணக்கூடிய அறிகுறிகள்

முகத்தைப் பார்த்து நலம் விசாரித்துத் திரும்புவது போதாது. முதியவரின் அனுமதியோடு, போர்வையை விலக்கி, முதுகு, இடுப்பு, குதிகால், மணிக்கட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டவோ எண்ணெய் தேய்த்துவிடவோ ஆடை மாற்றவோ நீங்கள் உதவினால், அவருக்குக் கூச்சமின்றி இவற்றைக் காண இயலும்.

*படுக்கைப் புண்.* ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருப்பதால் எலும்பு மேடான இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகுகிறது. கீழ்முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், பின்தலை ஆகியவை முக்கிய இடங்கள். தொடக்கத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருக்கும். நம்மவர்களின் கருந்தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ, தொட்டால் வெப்பமாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா எனப் பார்க்கவும். அடுத்து தோல் உரியும். பின்னர் குழி விழுந்து, சதையும் எலும்பும் வெளியே தெரியும் நிலை வரும். அசைய இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது பொதுவான நடைமுறை. நல்ல பராமரிப்பிலும் சிலருக்குப் படுக்கைப் புண் வரக்கூடும். ஆனால் புண் இருப்பதே இல்லத்தாருக்குத் தெரியாதிருத்தல், கட்டு மாற்றாமல் நாற்றம் வீசுதல், மருத்துவரிடம் காட்டாதிருத்தல், குடும்பத்துக்குச் சொல்லாதிருத்தல் ஆகியவை புறக்கணிப்பின் தெளிவான அடையாளங்கள்.

*நீரிழப்பு.* வயதானோர்க்குத் தாக உணர்வு குறைவு. கேட்கும்போது மட்டும் தண்ணீர் கொடுப்பது அவர்களுக்குப் போதாது. நாவறட்சி, உதடு வெடித்தல், அடர்ந்த மஞ்சள் நிறச் சிறுநீர், சிறுநீரின் அளவு குறைதல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றைக் கவனிக்கவும். தோலைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்வது முதியோரிடம் நம்பத்தக்கதன்று. வயதாலேயே தோல் தளர்ந்திருக்கும். "அடிக்கடி சிறுநீர் கழித்தால் சுத்தம் செய்ய வேண்டும்" என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது கண்டிப்பாகத் தவறு.

*எடை குறைதல்.* ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ, ஆறு மாதங்களில் 10 விழுக்காடோ குறைந்தால் காரணம் கண்டறியப்பட வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இழப்பது இக்கணக்கில் வரும். எடை பார்க்க வசதி இல்லையெனில், வளையல், மோதிரம், சட்டை, பல்செட் ஆகியவை தளர்ந்துள்ளனவா எனப் பாருங்கள். பல்செட் தொலைந்து பல வாரங்களாகியும் மாற்று ஏற்பாடு செய்யாமல், கெட்டியான உணவையே கொடுத்து, "அவர் சாப்பிட மறுக்கிறார்" என்று சொல்வதும் புறக்கணிப்பே.

*இரத்தக்கட்டுகளும் காயங்களும்.* முதியோரின் தோல் மெல்லியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, ஆஸ்பிரின், ஸ்டீராய்டு ஆகியவற்றை உட்கொள்வோர்க்கு இலேசாக இடித்தாலும் கன்றிப்போகும். ஆகவே கை, கால்களில் காணும் சிறு இரத்தக்கட்டு ஒன்றை மட்டும் கொண்டு எவரையும் குற்றஞ்சாட்டக் கூடாது. கழுத்து, காது, முகம், மார்பு, பிட்டம், உள்தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் தற்செயலாகக் கன்றுதல் அரிது. அங்கு காயம் காணப்பட்டால் கவனம் தேவை. மேற்கையின் உட்புறத்தில் விரல் பதிந்தது போன்ற தடங்களும், மணிக்கட்டு அல்லது கணுக்காலைச் சுற்றிய வளையம் போன்ற தடமும் பிடித்து இழுத்ததையோ கட்டிவைத்ததையோ குறிக்கலாம். நிறத்தை வைத்துக் காயத்தின் வயதைக் கணிக்க முயல வேண்டாம். மருத்துவர்களாலேயே அதனைத் துல்லியமாகச் சொல்ல இயலாது.

*தூய்மையின்மை.* நனைந்த டயப்பரை நெடுநேரம் மாற்றாமையால் உண்டாகும் தோல் அழற்சி, சடை பிடித்த தலைமுடி, வளைந்து வளர்ந்த கால் நகங்கள், பேன், சொறி, சிறுநீர்க் குழாய்ப் பை நிரம்பி வழிதல் ஆகியவற்றைப் பாருங்கள்.

*மருந்து முறைகேடு.* நீங்கள் செல்லும்போதெல்லாம் அவர் அரைத் தூக்கத்தில் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்க மருந்து தரப்படுகிறதா, யார் எழுதிக் கொடுத்தது எனக் கேளுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துவிட்டு உணவைத் தாமதப்படுத்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வலிப்பு மருந்து, இரத்த அழுத்த மருந்து ஆகியவற்றை இடையில் நிறுத்துவதும் ஆபத்தானது.

மனநிலையிலும் நடத்தையிலும் காணக்கூடியவை

- குறிப்பிட்ட பணியாளர் அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்துதல், உடலைச் சுருக்கிக்கொள்ளுதல்.
- தொட வரும் கையைக் கண்டு முகத்தை மறைத்தல்.
- முன்பு கலகலப்பாக இருந்தவர் எதற்கும் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் கூறுதல்.
- கிளம்பும்போது கையை விடாமல் பிடித்துக்கொள்ளுதல், "என்னையும் கூட்டிப்போ" எனத் திரும்பத் திரும்பக் கேட்டல்.
- உறக்கமின்மை, காரணமில்லா அழுகை, உணவை ஒளித்துவைத்தல்.

இவற்றுள் சில மனச்சோர்வாலும், மறதி நோயாலும், வீட்டு ஏக்கத்தாலும் வரக்கூடியவை. புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்கள் வீட்டை நினைத்து அழுவது இயல்பு. திடீரென ஏற்பட்ட மாற்றமா, ஒருவர் முன்னிலையில் மட்டும் தோன்றும் அச்சமா என்பதே கருத வேண்டியது.

மறதி நோய் உள்ளவர் "அடித்தார்கள்" என்று சொன்னால், "அவருக்கு நினைவு தப்பிவிட்டது" எனத் தள்ளிவிடாதீர்கள். நேற்று உண்ட உணவை மறந்தவருக்கும் வலியும் அச்சமும் நினைவில் நிற்கும். அவர் சொன்னதை உண்மையென்று உடனே முடிவு செய்யவும் வேண்டாம், பொய்யென்று ஒதுக்கவும் வேண்டாம். உடலைப் பாருங்கள், பதிவேட்டைப் பாருங்கள், மறுமுறை கேளுங்கள்.

பணம், ஆவணம் தொடர்பானவை

முதியோர் உதவித்தொகை அல்லது ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து விளக்கமின்றிப் பணம் எடுக்கப்படுதல், வங்கி அட்டையும் கடவு எண்ணும் பணியாளரிடம் இருத்தல், வெற்றுத் தாளில் பெருவிரல் ரேகை பெறப்பட்டிருத்தல், தோடு, மூக்குத்தி போன்றவை காணாமற்போதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சேர்க்கையின்போதே நகை, கைப்பேசி, ஆவணங்கள் ஆகியவற்றுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தில் காணக்கூடிய அறிகுறிகள்

முதியவரின் உடலில் எந்தக் குறியும் இல்லாதபோதும், கீழ்க்கண்டவை இல்லத்தைப் பற்றிய எச்சரிக்கைகள்:

- முன்கூட்டியே சொல்லாமல் வந்தால் உள்ளே விட மறுத்தல், வரவேற்பறைக்கு மட்டுமே அழைத்து வருதல்.
- நீங்கள் பேசும்போதெல்லாம் பணியாளர் ஒருவர் உடன் நிற்றல்.
- உங்களுக்குத் தெரிவிக்காமல் வேறு இல்லத்துக்கு மாற்றுதல்.
- பதிவுச் சான்று, சேர்க்கைப் பதிவேடு, மருந்துப் பதிவேடு, இறப்புப் பதிவேடு ஆகியவற்றைக் காட்ட மறுத்தல்.
- வெளிப்புறமாகப் பூட்டப்பட்ட அறைகள், கட்டிலில் கயிறு அல்லது சங்கிலி.
- காயத்துக்குப் பணியாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் கூறுதல்.

கட்டிவைத்தலைப் பற்றித் தமிழ்நாடு கற்ற கடும் பாடம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைப்படும் அளவுக்கே உடற்கட்டுப்பாடு அனுமதிக்கப்படுகிறது. "விழுந்துவிடுவார்" என்பதற்காக மறதி நோயுள்ள மூதாட்டியை நாள் முழுவதும் சேலையால் கட்டிலோடு கட்டிவைப்பதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

அண்டை மாவட்டத்தில் நேர்ந்தது

2019 வரை நம் மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற தனியார் காப்பகம் இயங்கிவந்தது. மனநலம் குன்றியோர், ஆதரவற்றோர், முதியோர் ஆகியோர் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்தனர். அங்கு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றபோது, அவர் அங்கு இல்லை என்பது தெரிந்தது. வேறு மாநிலத்தில் உள்ள இல்லத்துக்கு மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அங்கும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் அக்காப்பகத்தில் ஆய்வு நடத்தினர். உரிய அனுமதி இன்றி அது இயங்கிவந்தது தெரியவந்தது. 140-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். தாக்குதல், பாலியல் வன்கொடுமை, பலர் காணாமற்போனமை ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிர்வாகிகள் கைது செய்யப்பட்டனர். வழக்கு குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி.

வாசகர் இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த ஓர் இடத்தின் நிலைமை வெளிவந்தது, ஒரு முதியவரைப் பற்றி ஒருவர் விடாமல் கேட்டதால்தான். "அவர் எங்கே? நான் பார்க்க வேண்டும்" என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்காதபோது அவர் அமைதியாகத் திரும்பியிருந்தால், அங்கு இருந்த மற்றவர்களின் நிலை எவருக்கும் தெரிந்திராது.

பார்க்கச் செல்லும்போது

1. ஒரே நாளில், ஒரே நேரத்தில் செல்லாதீர்கள். ஒருமுறை உணவு வேளையிலும், ஒருமுறை மாலையிலும், ஒருமுறை விடுமுறை நாளிலும் செல்லுங்கள்.
2. வெளியூரில் இருப்பவர்கள் அருகில் வசிக்கும் உறவினர் அல்லது நண்பர் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படையுங்கள். காணொளி அழைப்பு நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. அதில் முகம் மட்டுமே தெரியும்.
3. பத்து நிமிடமேனும் தனியாகப் பேசுங்கள். "உங்களை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே விடை வரும். "அம்மா, ராத்திரி கூப்பிட்டா யாரு வர்றாங்க?", "அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்க? வயிறு நெறஞ்சுதா?", "குளிக்க யாரு உதவுறாங்க? மெதுவா செய்றாங்களா?" என்பன போன்ற அன்றாடக் கேள்விகள் உண்மையை வெளிக்கொணரும்.
4. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் பேசுங்கள். பார்க்க எவரும் வராதவர் அவராக இருக்கலாம்.
5. மாதம் ஒருமுறை எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றின் பதிவைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை

உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் 108-ஐ அழைக்கவும். கீழ்க்கண்டவை இருப்பின் தாமதிக்கலாகாது:

- எழுப்பினாலும் விழிக்காமை, திடீர்க் குழப்பம்
- தலையில் அடி, எலும்பு முறிவு ஐயம்
- காய்ச்சலுடன் கூடிய படுக்கைப் புண், கறுத்த அல்லது நாற்றமுள்ள புண்
- ஒரு நாள் முழுவதும் சிறுநீர் வெளியேறாமை
- பாலியல் தாக்குதல் ஐயம் (இந்நிலையில் குளிப்பாட்டவோ ஆடையைத் துவைக்கவோ வேண்டாம். அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்)

உடனடி ஆபத்து இல்லையெனில், பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

*முதலில், எழுதுங்கள்.* நாள், நேரம், பார்த்தது, முதியவர் சொன்ன சொற்கள், பணியாளர் தந்த விளக்கம் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். முதியவரின் சம்மதத்துடன் காயத்தைப் புகைப்படம் எடுங்கள். அளவு தெரியும் வகையில் அருகில் ஓர் அளவுகோலை வைக்கலாம். அப்படங்களைச் சமூக ஊடகங்களில் பகிர வேண்டாம். அது முதியவரின் மானத்தைக் குலைப்பதோடு விசாரணைக்கும் இடையூறாகும்.

*அடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.* அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதித்து, கண்டவற்றைப் பதிவு செய்யக் கேளுங்கள். தேவைப்பட்டால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படும். தாக்குதல் ஐயம் இருந்தால் மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் தெரிவிப்பார். அதற்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

*பின்னர், நிர்வாகத்திடம் பேசுங்கள்.* கட்டு மாற்றாமை, உணவுத் தாமதம் போன்ற குறைகள் பல, பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்தாலே சீராகும். அடித்தல், கட்டிவைத்தல், பாலியல் தீங்கு, பணப் பறிப்பு ஆகியவற்றில் இப்படிக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே புகார் அளிக்கவும். முதியவர் தொடர்ந்து அங்கேயே இருக்கும் நிலையில், அவர் முன்னிலையில் பணியாளரோடு வாக்குவாதம் செய்வதைத் தவிர்க்கவும். நீங்கள் சென்ற பின் அதன் விளைவை அவரே தாங்க வேண்டியிருக்கும்.

*புகார் அளிக்க வேண்டிய இடங்கள்:*

- மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. கட்டணமில்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை.
- காவல் துறை: 100 அல்லது 112.
- மாவட்ட சமூக நல அலுவலர். முதியோர் இல்லங்கள் குறித்த புகார்களை இவரிடம் எழுத்தில் அளிக்கலாம்.
- மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறலாம்.
- சட்ட உதவி: 15100.
- மனநல ஆலோசனை: 14416.

இல்லம் வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த மாவட்டத்தின் அலுவலர்களிடம் மனு அளிக்க வேண்டும். 14567-ஐ அழைத்தால் உரிய அலுவலரை அணுக வழிகாட்டுவர்.

சட்டம் சொல்வது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, 60 வயது நிறைந்தோர்க்குப் பாதுகாப்பளிக்கிறது. பராமரிப்பில் உள்ள மூத்த குடிமகனை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச் செல்பவருக்கு, அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இல்லத்தில் சேர்த்துவிட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு மறைந்துவிடும் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் தாமே அளிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டவர் அவ்வாறு பார்த்துக்கொள்ள மறுத்தால், 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரம் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். இத்தீர்ப்பாயம் பிள்ளைகளின் கடமை தொடர்பானது. இல்லத்தின் மீதான புகாருக்கு மேலே கண்ட அலுவலர்களையும் காவல் துறையையுமே அணுக வேண்டும்.

சேர்க்கும் முன் சிந்திக்க

இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழி என முடிவு செய்வதற்கு முன், வீட்டிலேயே என்ன உதவி கிடைக்கும் எனக் கேட்டறியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறைச் சிகிச்சை, படுக்கையில் உள்ளோர்க்கான வலி நிவாரணப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வந்து வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யலாம்.

சேர்ப்பதே முடிவாயின், முதலில் அவ்வில்லத்தை நேரில் பாருங்கள். பதிவுச் சான்று, இரவில் பணியிலிருப்போர் எண்ணிக்கை, மருத்துவர் வரும் நாட்கள், அவசர நிலையில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வர், எந்நேரமும் பார்க்க அனுமதி உண்டா ஆகியவற்றைக் கேளுங்கள். முதியவரிடமும் கேளுங்கள். தாம் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

அடிக்கடி எழும் வினாக்கள்

*புகார் அளித்தால் என் தாயை வெளியேற்றிவிடுவார்களோ?*
இவ்வச்சம் இயல்பானது. புகார் அளிக்கும்போதே மாற்று இருப்பிடம் தேவை என்பதையும் எழுதிக் கொடுங்கள். இயன்றால், புகாருக்கு முன்போ அதே நாளிலோ அவரை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்து வந்துவிடுவது பாதுகாப்பானது.

*என்னிடம் ஆதாரம் இல்லை. ஐயம் மட்டுமே உள்ளது.*
ஆதாரம் திரட்டுவது விசாரிக்கும் அலுவலரின் பணி. நீங்கள் கண்டதை மிகைப்படுத்தாமல், கண்டவாறே சொன்னால் போதும்.

*நான் அங்கு பணிபுரிகிறேன். சக ஊழியர் அடிப்பதைப் பார்த்தேன்.*
14567-ஐ அழைத்து, நீங்கள் கண்டதையும் உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்பதையும் தெரிவியுங்கள். தனித்து இரவுப் பணி பார்த்துப் பொறுமை இழக்கும் நிலை உங்களுக்கே ஏற்பட்டால், கதவுக்கு வெளியே சற்று நின்று, உதவிக்கு ஒருவரை அழைத்து, பின் உள்ளே செல்லுங்கள். ஆள் பற்றாக்குறையைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

*அவர் எனக்கு உறவினர் அல்லர். நான் தலையிடலாமா?*
தலையிடலாம். எவரும் தகவல் தெரிவிக்கலாம். பார்க்க ஒருவரும் வராத முதியவருக்கு, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த நீங்களே அவர் நிலையைக் கண்ட ஒரே வெளியாளாக இருக்கக்கூடும்.

நினைவில் கொள்ள

ஒரே ஓர் அறிகுறி ஐயத்துக்கு மட்டுமே இடந்தரும். அறிகுறிகள் பல ஒன்றுசேர்தல், மீண்டும் மீண்டும் தோன்றுதல், அவற்றுக்குப் பொருந்தாத விளக்கம் தரப்படுதல் ஆகிய மூன்றும் செயல்பட வேண்டிய நேரத்தைக் காட்டுகின்றன. உங்கள் குடும்பத்து முதியவர் ஏதேனும் ஓர் இல்லத்தில் இருந்தால், கடைசியாக அவரை நேரில் பார்த்தது எந்த நாள் என எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருப்பின், இவ்வாரமே சொல்லாமல் ஒருமுறை சென்று பாருங்கள்.